பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு: வான் வில்லியம்ஸின் டியூபா கான்செர்ட்டோ – ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

1954ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி, லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் பொன்விழாக் கச்சேரி நடந்தது. வழக்கமாக டிராம்போன்களுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் இருக்கும் டியூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியின் கலைஞர் ஃபிலிப் கேட்டலினெட், அன்று வயலினும் பியானோவும் தனியாட்சி செய்யும் முன்வரிசைக்குத் தம் கருவியோடு வந்தார். இசை நடத்தியவர் சர் ஜான் பார்பிரோலி. அன்று வாசிக்கப்பட்ட புதிய படைப்பை எழுதிக் கொடுத்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ரேஃப் வான் வில்லியம்ஸுக்கு வயது 81. எஃப் மைனரில், மூன்று பகுதிகளாக, ஏறக்குறைய 13 நிமிடம் மட்டுமே நீளும் அந்தப் படைப்புதான், பெயர்பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் டியூபாவுக்கென்று எழுதிய முதல் கான்செர்ட்டோ (ஒரு தனிக்கருவியை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் படைப்பு) என்று பொதுவாகக் கருதப்படுகிறது. கச்சேரி முடிந்த கையோடு, அதே தனிக்கலைஞரையும் அதே குழுவையும் அதே நடத்துநரையும் கொண்டு ஒலிப்பதிவும் செய்யப்பட்டது.

பிரஷ்யாவில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் ஆகிய இருவரும் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றது 1835இல். அதாவது இந்தக் கருவி தனக்கென ஒரு கான்செர்ட்டோ கிடைக்க ஏறக்குறைய 119 ஆண்டுகள் காத்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அது சும்மா இருக்கவில்லை. வாக்னர் ‘டி மைஸ்டர்சிங்கர்’ ஓபராவின் முன்னிசையில் அதற்கு நீண்ட வரியொன்றைக் கொடுத்திருந்தார்; முசோர்க்ஸ்கியின் பியானோப் படைப்பை 1922இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றிய ராவெல், மாட்டுவண்டியைச் சித்திரிக்கும் ‘பிட்லோ’ பகுதியை அதன் தலையில்தான் ஏற்றினார். ஆனால் இவையெல்லாம் சில அளவைகள் (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவை), அதிகம் போனால் ஓரிரு நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் டியூபாவின் வேலை தாங்குவதும் காத்திருப்பதும்தான். த்வோர்ஷாக்கின் ‘புதிய உலக’ சிம்பொனியில் டியூபாவுக்கு இரண்டாம் பகுதியில் மட்டும் விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கள் உண்டு. மீதி நேரம் முழுவதும் கலைஞர் மடியில் கருவியை வைத்துக்கொண்டு அளவைகளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

பொன்விழாவுக்கு இப்படியொரு தேர்வு வந்தபோது, அதை முதிய மேதையின் குறும்பு என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தப் பார்வை தவறு என்பதே இந்த ஆய்வின் நிலைப்பாடு. ஆர்கெஸ்ட்ராவைத் தாங்குவதற்கென்றே உருவான ஒரு கருவியை ஆர்கெஸ்ட்ரா தாங்கும்படி செய்வது எப்படி என்ற கேள்வி, குறும்பாக மட்டும் அணுகினால் அவிழாத ஒரு தொழில்நுட்பச் சிக்கல். வான் வில்லியம்ஸ் அதை அவிழ்த்தது எதையும் சேர்த்து அல்ல, கழித்துத்தான்.

கருவியின் கணக்கு

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கருவியைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைய ஆங்கிலேய ஆர்கெஸ்ட்ராக்களில் டியூபா என்றால் எஃப் சுருதியில் அமைந்த, குழாய் ஒப்பளவில் ஒல்லியான கருவி. கேட்டலினெட் வாசித்ததும் அந்த வகைதான். அதன் அடிப்படைக் குழாயை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய 3.7 மீட்டர் வரும். இன்று அமெரிக்க ஆர்கெஸ்ட்ராக்களில் பெருவழக்கான சி டியூபாவின் குழாய் 4.9 மீட்டர், ராணுவ வாத்தியக் குழுக்களிலும் பித்தளை ஊதுகருவிகளாலான பிராஸ் பேண்டுகளிலும் உள்ள பெரிய பி ஃபிளாட் டியூபாவுக்கு 5.5 மீட்டர். கருவி பெரிதானால் ஒலி தடிக்கும், மேல் சுரங்களில் ஓட்டம் குறையும். இந்தப் படைப்பைப் பற்றிப் பேசும்போது ‘டியூபா’ என்ற ஒரே சொல்லால் மூன்று நான்கு வெவ்வேறு கருவிகளைக் குறிக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து வால்வு. பித்தளைக் கருவியில் ஒரு வால்வை அழுத்தினால் கூடுதல் குழாய்த்துண்டு ஒன்று காற்றோடு இணைந்து சுருதி இறங்குகிறது. அரைச் சுரம் இறக்க, குழாயின் நீளத்தில் ஏறக்குறைய 5.95 விழுக்காடு கூட்ட வேண்டும். முழுச் சுரத்துக்கு 12.25, ஒன்றரைச் சுரத்துக்கு 18.9. மூன்று வால்வுகளும் இந்தக் கணக்கில்தான் வெட்டப்படுகின்றன. மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் மூன்று முழுச் சுரம் இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அதற்குத் தேவை 41.4 விழுக்காடு. கிடைப்பதோ 37.1 தான். 3.7 மீட்டர் கருவியில் இந்தக் குறை ஏறக்குறைய 16 சென்டிமீட்டர், அதாவது ஒரு கைச்சாண் அளவுக்குச் சற்றுக் குறைவு. காதுக்கு அது அரைச் சுரத்தில் பாதி. யாருக்கும் கேட்கும் அபசுரம். இதைச் சரிசெய்ய நான்காவது, ஐந்தாவது வால்வுகள் வந்தன. இங்கிலாந்தில் டேவிட் பிளெய்க்லி 1874இல் கொண்டுவந்த ஈடுகட்டும் முறை, வால்வுகள் சேர்ந்து அழுத்தப்படும்போது விடுபட்ட துண்டைத் தானாகவே இணைத்துக்கொடுத்தது. எந்த முறையானாலும் கடைசித் திருத்தம் கலைஞரின் உதட்டில்தான் நடக்கிறது. பின்வரிசையில் ஒற்றைச் சுரத்தை நீட்டிப் பிடிக்கும்போது உதட்டுக்கு அதற்கு அவகாசம் உண்டு. முன்வரிசையில் ஓடிக்கொண்டே திருத்த வேண்டும்.

மூச்சு, இன்னொரு கணக்கு. ஓபோக் கலைஞருக்கு வரும் தொல்லை, உள்ளே தங்கிப்போன பழைய காற்றை எப்படி வெளியேற்றுவது என்பது. டியூபாக் கலைஞருக்கு நேர் எதிர்: காற்று போதவே போதாது. தாழ்ந்த சுரத்தை உரக்க ஊதினால் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு சில நொடிகளில் காலியாகிவிடும். ஆக, நீண்ட பாட்டுவரி எழுதும் இசையமைப்பாளர் ஒவ்வொரு முறையும் கலைஞரின் நுரையீரலோடு பேரம் பேசுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய இடையூறு அரங்கத்தில் இருக்கிறது. டியூபாவின் மணிவாய், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற வாய், கேட்பவரை நோக்கித் திரும்பியிருப்பதில்லை. அது கூரையைப் பார்க்கிறது. தாழ்ந்த அதிர்வுகள் எல்லாப் பக்கமும் பரவிவிடும். ஆனால் ஒரு சுரம் எப்போது தொடங்கியது என்று காதுக்குச் சொல்லும் மேல் அதிர்வுகள் மணிவாய் காட்டும் திசையில்தான் முக்கியமாகப் போகின்றன. எனவே கேட்பவரிடம் வந்து சேர்வது, முனை மழுங்கிய ஒலி. அதோடு, தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும் இயல்புடையவை. எஃப் டியூபாவின் அடிச் சுரம் நொடிக்கு ஏறக்குறைய 44 அதிர்வுகள். அந்த எல்லையில் நம் காது மந்தமானது, மேல் அதிர்வுகளை வைத்துத்தான் அது சுரத்தை அடையாளம் காண்கிறது. அதே இடத்தில் டபுள் பேஸும் செல்லோவும் பசூனும் ஒலித்துக்கொண்டிருந்தால், டியூபா எவ்வளவு உரக்க ஊதினாலும் அது தனிக்குரலாகத் தெரியாது. ஆர்கெஸ்ட்ரா கொஞ்சம் கனத்துவிட்டது என்றுதான் தோன்றும். உரக்க ஊதுவது இங்கே மருந்தல்ல, நோயின் ஒரு பகுதி.

இசையமைப்பாளர் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு குழுவின் அளவு. இரண்டு புல்லாங்குழல், ஒரே ஒரு ஓபோ, இரண்டு கிளாரினெட், ஒரே ஒரு பசூன். இரண்டு ஹார்ன், இரண்டு டிரம்பெட், இரண்டு டிராம்போன். தாளக் கருவிகள், நரம்பிசை. முழு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வழக்கமான நான்கு ஹார்ன்களும் மூன்று டிராம்போன்களும் இல்லை. இது நாடக அரங்கு ஆர்கெஸ்ட்ராவின் அளவு என்று வான் வில்லியம்ஸே நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினார். விழாவுக்குரிய குழுவோ நாட்டின் முதன்மையான ஆர்கெஸ்ட்ராக்களில் ஒன்று. அதன் ஐம்பதாண்டுக் கொண்டாட்டத்தில், அதில் கணிசமான பேரை வேலையில்லாமல் உட்கார வைக்கும் படைப்பு இது. அந்தத் துணிவை நான் குறும்பென்று சொல்லமாட்டேன்.

இரண்டாவது முடிவு வடிவம். அதே குறிப்பில், இந்தப் படைப்பின் அமைப்பு மொட்சார்ட், பீத்தோவன் ஆகிய வியன்னா மரபைவிட பாஹ்க்கு நெருக்கமானது என்றும், முதலாவது பகுதியும் கடைசிப் பகுதியும் விரிவான கடென்சாவோடு (தனிக்கலைஞர் துணையின்றித் தனியே வாசிக்கும் பகுதி) முடிவதில் மட்டும் வியன்னாவோடு உறவு இருக்கிறது என்றும் அவர் சொல்கிறார். மேலோட்டமாக வரலாற்றுத் தகவல் போலத் தோன்றும் இந்த வாக்கியத்தில் ஒரு நடைமுறைக் காரணம் ஒளிந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. வியன்னா மரபில் ஆர்கெஸ்ட்ரா தன் முழுப் பலத்தையும் முதலில் காட்டிவிடும். தனிக்கலைஞர் அதற்கு எதிரே நின்று தன் பங்கை வென்றெடுக்க வேண்டும். அது வயலினுக்கும் பியானோவுக்கும் பொருந்தும் போட்டி. ஒரே இழையில் பின்னிக்கொண்டு போகும் பாஹ் பாணியில் அந்தப் போட்டிக்கு இடமில்லை. நீண்ட முன்னிசை எதுவும் வைக்காமல் டியூபாவை வான் வில்லியம்ஸ் சீக்கிரமே உள்ளே கொண்டுவருவதற்கும் இதுவே காரணம்: ஒப்பிடுவதற்கு வேறொரு பேரொலி காதில் ஏறும் முன்பே, இதுதான் இன்றைய அளவு என்று கேட்பவர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார்.

மூன்றாவது முடிவைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது. டியூபாவை அது பழகிய அடித்தளத்திலேயே வைத்திருந்தால் எல்லாம் மங்கிப்போகும். எப்போதும் உச்சத்திலேயே பாட வைத்தால் அது வேறொரு கருவியைப் போல வேடம் கட்டியதாகிவிடும். வான் வில்லியம்ஸ் மூன்று ஸ்தாயிக்கும் மேலான வீச்சு முழுவதையும் பயன்படுத்துகிறார். என்றாலும் பாட்டு என்று ஒன்று வரும்போதெல்லாம் அதைச் செல்லோவும் ஹார்னும் உலவும் நடு எல்லையில் வைக்கிறார். ஆழத்துக்கு இறங்குவதை, இந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று நினைவூட்டும் வேலைக்கென ஒதுக்கிவைக்கிறார். ஒல்லியான எஃப் டியூபா அந்த நடு எல்லையில்தான் சிரமமில்லாமல் பாடக்கூடியது.

இந்த முடிவுகள் தனித்து விழுந்தவையும் அல்ல. முதுமையில் அவருக்கு ஓரங்கட்டப்பட்ட கருவிகளின் மீது ஒரு கண் இருந்தது. ஹார்மோனிகாக் கலைஞர் லாரி ஆட்லருக்காக அந்தக் கருவிக்கு ஒரு ரொமான்ஸ் எழுதியிருந்தார்; 1956இல் அரங்கேறிய எட்டாவது சிம்பொனியில் சுருதி சேர்த்த காங் முதலான தட்டும் கருவிகளைக் குவித்தார்; அவர் இறந்த 1958ஆம் ஆண்டிலேயே அரங்கேறிய ஒன்பதாவதில் ஒரு ஃபிளூகல்ஹார்னையும் மூன்று சாக்ஸபோன்களையும் சேர்த்தார்.

மூன்று பகுதிகள்

முதல் பகுதிக்கு ‘பிரெலூட்’ என்று பெயர், வேகம் மிதமானது. நரம்பிசை நடைபோடுகிறது, டியூபா அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. மெட்டில் ஆங்கில நாட்டுப்பாடலின் வாசனை உண்டு. 1903 முதல் கிராமம் கிராமமாகப் போய்ப் பாடல் திரட்டியவரிடம் அது இல்லாமல் போனால்தான் வியப்பு. இந்தப் பகுதியில் கனத்த உடம்புக்காரர் விறுவிறுவென்று நடப்பதைப் பார்க்கும் ஒரு சிரிப்பு இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. டியூபாவைக் கோமாளியாகப் பார்க்கும் பழக்கத்தை வான் வில்லியம்ஸ் மறுக்கவில்லை. முதலில் அதற்கு இணங்குவதுபோல இணங்கி, கேட்பவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். பகுதியின் முடிவில் வரும் கடென்சாவில் ஆர்கெஸ்ட்ரா முற்றிலும் ஒதுங்கிக்கொள்ள, கருவி முதன்முறையாகத் தனியே நிற்கிறது.

வழக்கின் தீர்ப்பு இரண்டாம் பகுதியான ‘ரொமான்ஸா’வில்தான் இருக்கிறது. டி மேஜரில், நிதானமாக, நரம்பிசை விரித்துவைத்த மென்மையான பரப்பின் மேல் டியூபா ஒரு நீண்ட மெட்டைப் பாடுகிறது. மூன்று தட்டு கொண்ட அளவை. ஒரு நொடிக்கு ஒரு தட்டு என்று தோராயமாக வைத்துக்கொண்டால், எட்டு அளவை கொண்ட ஒரு வரி 24 நொடி. இதை ஒரே மூச்சில் கடக்க எந்தக் கலைஞராலும் முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். எனவே எங்கே மூச்சை எடுப்பது என்பது இங்கே உடலின் தேவையாக மட்டும் நின்றுவிடாமல், வரியின் பொருளையே தீர்மானிக்கிறது. நீண்ட சுரத்தின் முடிவில் எடுத்தால் அந்தச் சுரம் தன் வாலை இழக்கும். அடுத்த சுரத்தின் வாசலில் எடுத்தால் தாளம் தடுமாறும். தேர்ந்த கலைஞர்கள் மெட்டு தானாகவே ஒரு படி இறங்கும் இடத்தில், வாக்கியத்தில் காற்புள்ளி விழும் இடத்தில் எடுப்பதுபோல எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது மூச்சு ஒளிக்க வேண்டிய குறையாக இல்லாமல், பாடகரின் மூச்சைப் போலப் பாட்டின் பகுதியாகிவிடுகிறது. செல்லோவில் இதே மெட்டை வாசித்தால் வில் வரியை முறியாமல் கடத்திவிடும், வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் இந்த மெட்டுக்கு அந்த வழவழப்பு ஒரு இழப்பு என்றே எனக்குப் படுகிறது. மூச்சு தீர்ந்துவிடுமோ என்ற மெல்லிய கவலையோடு நாமும் சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பது டியூபாவில்தான் நிகழ்கிறது.

பார்பிரோலி அடிப்படையில் ஒரு செல்லோக் கலைஞர். அதே லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவர். நரம்பிசையை அடக்கிப் பாட வைப்பது அவருக்குக் கைவந்த கலை. முதல் கச்சேரிக்கு வாய்த்த அதிர்ஷ்டங்களில் இதையும் சேர்க்க வேண்டும்.

மூன்றாம் பகுதி ‘ரோண்டோ அல்லா டெடெஸ்கா’, ஜெர்மானியப் பாணியிலான ரோண்டோ, அதாவது ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம். மூன்று தட்டு, வேகம், சுழலும் நரம்பிசை, டியூபாவில் நடுங்கும் டிரில்கள், மீண்டும் ஒரு கடென்சா, சட்டென்ற முடிவு. கலைஞர்களுக்கு இது பெரிய சவால், கேட்க உற்சாகமாகவும் இருக்கிறது. எனினும் மூன்றில் இதுவே பலவீனமானது என்பேன்: முதல் பகுதி கேட்பவரை இழுக்கப் பயன்படுத்திய சிரிப்பு, ரொமான்ஸாவுக்குப் பிறகு தேவையற்றுப் போய்விடுகிறது. ஆனாலும் அது திரும்பி வந்து நிற்கிறது.

பிறகு நடந்தது

அடுத்த ஆண்டே, 1955இல், ஹிண்டெமித் டியூபாவுக்கும் பியானோவுக்கும் சொனாட்டா எழுதினார். 1976இல் எட்வர்ட் கிரெக்சன் டியூபாக் கலைஞர் ஜான் ஃபிளெட்சருக்காக பிராஸ் பேண்டோடு ஒரு கான்செர்ட்டோ எழுதி, அதில் வான் வில்லியம்ஸின் படைப்பை வெளிப்படையாகவே நினைவுகூர்ந்தார். பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ராவின் நூற்றாண்டையொட்டி 1985இல் ஜான் வில்லியம்ஸ் ஒன்று எழுதினார். வழி திறந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

அந்த வழியில் நடந்த கருவி மட்டும் பழைய கருவியாக இருக்கவில்லை. ஒல்லியான எஃப் டியூபா ஆங்கிலேய ஆர்கெஸ்ட்ராக்களிலிருந்து படிப்படியாக விடைபெற்றது. பேண்டு உலகிலிருந்து வந்த, ஈடுகட்டும் வால்வு கொண்ட ஈ ஃபிளாட் டியூபாவை ஆர்கெஸ்ட்ராவில் நிலைநாட்டியதில் ஃபிளெட்சருக்குப் பெரும் பங்குண்டு. அவர் ஆந்த்ரே பிரெவினின் நடத்துகையில் இதே லண்டன் சிம்பொனியோடு இந்தக் கான்செர்ட்டோவைப் பதிவுசெய்தார். 1977இல் சிகாகோ சிம்பொனியோடும் நடத்துநர் டேனியல் பாரன்பாய்மோடும் டியூபாக் கலைஞர் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் பதிவுசெய்தபோது அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. நுரையீரல் கொள்ளளவு குறைந்துவிட்ட நிலையிலும் மூச்சைப் பற்றிய பாடத்துக்காகவே மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். கேட்டலினெட்டின் பதிவையும் ஃபிளெட்சரின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் கருவியின் உடம்பு பருத்திருப்பது தெரியும். பருக்கப் பருக்க ஆழம் அழகாகிறது, ரொமான்ஸாவின் மேல் வரிகளில் சிரமமும் கூடுகிறது. கேட்டலினெட்டின் பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவில் டியூபா சில இடங்களில் டெனர் குரல் போல ஒலிப்பது, பதிவின் குறையால் மட்டும் அல்ல. எழுதியவர் மனதில் இருந்த குரலே கிட்டத்தட்ட அதுதான்.

இன்னொரு விளைவை வான் வில்லியம்ஸ் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார். இன்று ஆர்கெஸ்ட்ராவில் டியூபா இடம் காலியாகும்போது, தேர்வுக்கு வருபவர்களிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது இந்தக் கான்செர்ட்டோவின் முதல் பகுதிதான். தேர்வாளர்கள் திரைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒருவர், ஒரு நாற்காலி, ஒரு டியூபா. பிரெலூட்டின் வரிகள் ஆர்கெஸ்ட்ரா இல்லாமல் வெறுமையில் ஒலிக்கின்றன. சுருதியும் தாளமும் சுரத்தின் தொடக்கமும் அளக்கப்படுகின்றன. அந்த வரிகளைச் சுற்றி இசையமைப்பாளர் பார்த்துப் பார்த்துக் கழித்துவைத்த இடம் எதுவும் அந்த அறையில் கேட்பதில்லை. தேர்வில் வென்றவர் அடுத்த வாரம் டிராம்போன்களுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து, அளவைகளை எண்ணத் தொடங்குகிறார்.